பக்கத்து வீட்டு இருமல்

பக்கத்து வீட்டு மாமா இறந்துவிட்டார் என்றும், பேத்தியின் கல்யாணம் முடியும்வரை அவரைப் புதிதாக வாங்கிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுக்குள் சம்மணமிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்றும் நான் நம்பினேன். ஏதோ லேசாக அல்ல, முழுதாக நம்பினேன். பல் தேய்க்கும்போது நம்பினேன். மோர் சாதம் பிசையும்போது நம்பினேன். ஐம்பதை நெருங்குகிறவன், வானொலிக்குச் செய்தி சேகரித்துப் பிழைப்பவன் இப்படி நம்பலாமா என்றால், தாராளமாக நம்பலாம். அதற்கு ஒரு பொதுச் சுவரும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் இருந்தால் போதும்.

எங்கள் மலையாள வானொலி நிலையத்தில் தமிழுக்கென்று சாயங்காலம் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு நான்தான் நிருபர். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மைக்கை நீட்டுவது, தண்ணீர் வராத தெருவில் மைக்கை நீட்டுவது, யாரும் பேச விரும்பாத இடத்திலும் மைக்கை நீட்டுவது என் வேலை. வாரத்தில் ஒரு நாள் அதே நேரத்தில் ஒரு நகைச்சுவைத் துப்பறியும் தொடரும் போகும். அதை எழுதுவதும், எல்லா ஆண் குரல்களும் கொடுப்பதும், பேய் வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்துக்காக எங்கள் வீட்டு பீரோவைத் திறப்பதும் நானேதான். கதாநாயகன் ஒரு வானொலி நிருபர். கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே குற்றவாளியைப் பிடித்துவிடுவார். செருப்புத் தேயும் சத்தத்தில் கொலைகாரனைக் கண்டுபிடித்திருக்கிறார். கரண்டி விழும் சத்தத்தில் நகைத் திருடனைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. குற்றவாளி யார் என்று நான் முதலிலேயே முடிவு செய்து அவர் காதில் ஓதிவிடுகிறேன், பிறகு எப்படித் தோற்பார்? இந்தச் சின்ன விவரத்தை மறந்துவிட்டு நானும் அவரைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டதில் ஆரம்பித்தது எல்லாம்.

கரமனையில் எங்கள் தெரு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் கடுகு வெடித்தால் அந்தப் பக்கத்திலிருந்து "என்ன, இன்னிக்கும் ரசம்தானா?" என்று விசாரணை வரும். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா. மனைவி போன பிறகு தனியாக இருந்தார். விடிகிற நேரத்தில் குளித்துவிட்டுப் பூஜையறையில் உட்கார்ந்து உரக்கப் பாராயணம் செய்வார். அந்தக் குரல் எழும்பினால்தான் தெருவில் பால் அடுப்பில் ஏறும். ஒரு முறை எங்கள் நிகழ்ச்சிக்காக அவர் எதிரில் உட்கார்ந்து அதை நான் பதிவு செய்துமிருக்கிறேன். காற்றலையில் போனது அதில் ஒரு சின்னத் துண்டு. வழக்கம்போல இருமல், செருமல், காக்கை எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தமாக்கி ஒலிபரப்பினேன். எங்கள் தொழிலில் இருமல் என்பது குப்பை. மீன் கழுவுகிறவர் செதிலைப் பார்ப்பது போலத்தான் நாங்கள் அதைப் பார்ப்போம்.

மாமாவின் மகனுக்கு மும்பையில் வேலை. என் வயதுதான், முடி மட்டும் என்னைவிட அதிகம். தன் மகளின் கல்யாணத்தைக் கரமனையிலேயே நடத்துவது என்று குடும்பத்தோடு வந்து இறங்கினான். மாப்பிள்ளை வீடு இதே ஊரில், கோட்டைக்குள். பந்தக்கால் நட நாள் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் மகன் வந்த நாளிலிருந்து அப்பாவைக் காணோம்.

சாயங்காலம் தெருமுனைக் கோயிலில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு நாட்டு நடப்பு பேசுகிறவர் அவர். செய்தி சேகரிப்பவனுக்கே செய்தி சொல்வார். அவரைக் காணோமே என்று மகனிடம் கேட்டால், கதவை ஒரு சாண் திறந்து, "அப்பாவுக்கு ஜலதோஷம். படுத்துண்டிருக்கார்" என்று சொல்லிவிட்டு அந்தச் சாணையும் சாத்தினான். ஜலதோஷமாம். மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் பாராயணம் இடி மாதிரி ஒலித்தது. மூக்கடைப்பு இல்லை, கரகரப்பு இல்லை. குரல் இருக்கிறது, ஆள் இல்லை. என் தொடரின் நிருபராக இருந்தால் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவார். வானொலியில் புருவம் தெரியாது என்பதால் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். அன்று தனியாக உட்கார்ந்து அந்த "ம்ம்ம்" கொடுத்தேன்.

தடயம் கிடைத்தது தற்செயலாக. தொடருக்கு வேண்டிய குரலை வீட்டிலேயே காலையில் பதிவு செய்வேன். பேச ஆரம்பிக்கும் முன் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு வெறும் அறையைப் பதிவு செய்வது எங்கள் வழக்கம். வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் இட்டு நிரப்ப அந்த மௌனம் வேண்டும். ஐப்பசியின் துலா மழை விட்ட காலைகளாக இருந்ததால் அந்த மௌனத்தில் மாமாவின் பாராயணம் சுவர் வழியே கசிந்து பதிவாகியிருந்தது. நிலையத்தில் உட்கார்ந்து ஒரு நாள் பதிவின் மேல் அடுத்த நாளை வைத்துக் கேட்டேன். ஒரு வரியின் நடுவில் ஒரு இருமல். அதற்குப் பின்னால் ஒரு செருமல். தூரத்தில் ஒரு காக்கை, இரண்டு முறை. அடுத்த நாளும் அதே வரி, அதே இருமல், அதே செருமல், அதே காக்கை. அதற்கடுத்த நாளும் அப்படியே. மனிதன் தினமும் ஒரே இடத்தில் இருமலாம், பழக்கமாக இருக்கலாம். காக்கை அப்படி ஒழுங்காக ஆஜராகாது.

ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் பாடுவது மாமா இல்லை, மாமாவின் பதிவு. இதை நான் சரியாகத்தான் கண்டுபிடித்தேன், பெருமைக்குச் சொல்லிக்கொள்கிறேன். அதற்குமேல் கண்டுபிடித்தது எதுவுமே சரியில்லை.

ஒரு வீட்டில் ஆள் இல்லாமல் குரலை மட்டும் ஏன் ஓட விட வேண்டும்? தம்பானூரில் நான் வழக்கமாகக் குடிக்கும் கடையின் டீ மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் தொடரை விடாமல் கேட்டு ஒவ்வொரு வாரமும் திருத்தம் சொல்வார். கதைக்காகக் கேட்பது போல அவரிடம் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, யோசிக்கக்கூட இல்லாமல் சொன்னார்.

"இதுல என்ன அண்ணாச்சி இருக்கு? பெருசு போய்ச் சேந்திருக்கும். வீட்ல கல்யாணம் இருக்கும். முடியுற மட்டும் மூச்சு விடமாட்டானுவ. ஐஸ் வச்சி மறைச்சிருப்பானுவ."

எங்கள் தெருவில் இது எவ்வளவு பொருந்துகிறது என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்பா போனால் கர்மம் செய்ய வேண்டியவன் மகன். ஒரு வருஷத்துக்கு அவன் மங்கள காரியம் எதிலும் உட்கார முடியாது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவனும் அதே மகன்தான். கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் மாப்பிள்ளை வீடு காத்திருக்குமா என்பது வேறு கேள்வி. காரணம் கிடைத்துவிட்டது. பாவம் அந்த மனுஷர், கொள்ளி வைக்க மகன் இருந்தும் வைக்காமல் கிடக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. டீ மாஸ்டர் இஞ்சி தூக்கலா என்று கேட்டார்.

வீடு திரும்பினால் வாசலில் ஃபிரிட்ஜ் இறங்குகிறது. ஆள் உயரத்துக்குமேல், இரட்டைக் கதவு. நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளிகள் தூக்க, மகன் கூடவே நடந்து "மெதுவா, மெதுவா" என்கிறான். காலி ஃபிரிட்ஜுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை? சுமந்தவர்களில் ஒருவர் உள் தட்டுகளைத் தனியாகக் கழற்றி வெளியே வைத்திருந்தார். தட்டை ஏன் கழற்ற வேண்டும்? தட்டு இருந்தால் உட்கார இடிக்குமல்லவா.

என் மனைவிக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. சந்தேகம் என்பதை அலுவலகத்திலேயே செலவழித்துவிட்டு வருவதால் வீட்டில் அவளிடம் மிச்சம் இருப்பதில்லை. சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏன்னா, சுவத்துல காதை வச்சுண்டு என்ன பண்றேள்?" என்றாள். மாமாவைப் பார்த்து நாளாச்சே என்று மழுப்பினேன். "அப்ப போய்க் கேளுங்கோ. நாலடிதானே" என்றாள். போய்க் கேட்பதாம். எந்தத் துப்பறிவாளர் போய்க் கேட்டிருக்கிறார்? கேட்டால் தொடர் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். அவளுக்குப் பதிவுகளைப் போட்டுக் காட்டவும் இல்லை. கடைசி வாரம் வரைக்கும் தடயத்தை வெளியே விடக்கூடாது என்பது என் தொடரின் விதி. அன்று அதைப் போட்டுக் காட்டியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஏன் என்று பிறகு தெரியும்.

தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்பதும் என் வேலையில் சேர்த்தி. அங்கே ஒரு எஸ்.ஐ. நல்ல மனிதர், மலையாளி. தமிழ் புரியும் என்பதால் என் தொடரைக் கேட்டுச் சிரிக்கிறவர். அன்று கொலை, திருட்டெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஒரு கதைக்காக என்று சொல்லி, ஒரு வீட்டில் சாவை மறைத்து உடலை ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன சட்டம் என்று விசாரித்தேன். அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மாஷே, இது சீரியலோ, சம்பவமோ?"

சீரியல்தான் சார் என்றேன். என் குரல் எனக்கே சம்பவம் மாதிரிக் கேட்டது. அவர் சிரித்துவிட்டு, கரண்ட் போனால் அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள், அதையும் எழுதுங்கள் என்று யோசனை சொல்லி வைத்தார்.

அன்று மத்தியானமே கரண்ட் போனது. நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து பக்கத்து வீட்டுக் காற்றை மோந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது, கனமான பெருங்காய வாசனை. அளவுக்கு மீறிய பெருங்காயம். வேறொரு வாசனையை அமுக்குவதற்காகத்தான் இப்படிப் பெருங்காயம் போட முடியும். சாம்பார் கொதிக்கும் வீட்டிலும் பெருங்காயம் வாசனை வரும் என்ற எண்ணம், சாம்பாரிலேயே வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மறுநாள் மகன் வெளியே கிளம்ப, நான் பின்தொடர்ந்தேன். பின்தொடர்வது தொடரில் சுலபம், இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் போட்டால் போதும். நிஜத்தில் பஸ்ஸில் அவன் முன் வாசலில் ஏற, நான் பின் வாசலில் ஏறி, தெரிந்தவர்கள் எல்லோரும் "சேட்டா, எங்கோட்டா?" என்று போகிற இடம் கேட்க, முகத்தைப் பையால் மறைத்துக்கொண்டு போனேன். பழவங்காடியில் இறங்கி நேராகப் பிள்ளையார் கோயில் முன்னால் போனான். தேங்காய் வாங்கினான். உடைத்தான். மறுபடியும் வாங்கி மளமளவென்று உடைத்துக்கொண்டே இருந்தான். உதடு ஏதோ முணுமுணுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். குற்ற உணர்ச்சி, என்று தேங்காய்க்கடை மறைவில் நின்று தீர்ப்பு எழுதினேன்.

"என்ன ஓய், இங்க பதுங்கிண்டு?"

தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால் மாப்பிள்ளையின் அப்பா. கணக்குத் தணிக்கையில் ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று தேடுகிற கண். மாமா போனே எடுப்பதில்லை, பையனைக் கேட்டால் ஜலதோஷம் என்கிறான், இத்தனை நாளா ஒரு ஜலதோஷம் இருக்கும் என்று குறைபட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீர் அடுத்தாத்துக்காரர். உமக்குத் தெரியாம இருக்காது. ஏதாவது மறைக்கறாளா? இருந்தா இப்பவே சொல்லிடும். கல்யாணத்துக்கு அப்பறம் தெரிஞ்சா நன்னாருக்காது."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? வானொலிக்காரன் புத்தி, ஒரு இடைவெளி விட்டேன். அர்த்தபுஷ்டியான, பின்னணி இசைக்கு இடம் வைத்த இடைவெளி. பிறகு, "கார்த்தால பாராயண நேரத்துக்கு நீங்களே வந்து கேளுங்கோ" என்றேன். அவர் முகம் மாறியது. நாளைக்கே வருகிறேன், என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

ஆட்டோ மறைந்த பிறகுதான் என் தலைக்குள் வெளிச்சம் போட்டது. நான் நினைத்தது நிஜமென்றால் நாளைக் காலை ஒரு வீட்டில் கல்யாணமும் சாவும் ஒன்றாக வெளியே வரும். நிஜமில்லை என்றால், ஒரு சின்னப் பெண்ணின் கல்யாணத்தை நான் ஒரு இடைவெளியால் நிறுத்தியிருப்பேன். அந்தப் பெண் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, நலுங்குக்குப் பாட ஆள் வேண்டும், மாமி வர முடியுமா என்று என் மனைவியைக் கேட்டுவிட்டுப் போனாள்.

விடிந்ததும், மாப்பிள்ளையின் அப்பா வருவதற்குள் உண்மையைத் தெரிந்துகொள்வது என்று ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். பாராயணம் ஓடிக்கொண்டிருந்தது. மகன் வழக்கமான ஒரு சாண் திறந்தான். நிலையத்தில் மாமாவை மறுபடியும் பதிவு செய்யச் சொல்கிறார்கள் என்று ஒரு பொய்யை நீட்டினேன்.

"இப்ப முடியாது. நீ போ" என்றான். கதவைச் சாத்தப் பார்த்தான். தெரு முனையில் ஒரு ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. எனக்கு என்ன தைரியம் வந்தது என்று தெரியவில்லை, அவன் கைக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்து, நேராகப் பூஜையறைக் கதவைத் தள்ளினேன்.

மாமா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி, கழுத்தைச் சுற்றித் துண்டு, மூடிய வாய். அசைவே இல்லை. விளக்குக்குப் பக்கத்தில் போனும் ஒரு சின்ன ஸ்பீக்கரும். அதிலிருந்து அவர் குரல் கணீரென்று வந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஸ்வாமி முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது பிரேதம் தலையைத் திருப்பி, என்னைக் கோபமாகப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தது.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பயத்தில் வந்தது கத்தல் இல்லை, இருமல். அதே கணத்தில் ஸ்பீக்கரும் இருமியது. நான் செருமினேன். ஸ்பீக்கரும் செருமியது. ஒரே தொண்டை, ஒரே ராகம். மாமா ஸ்பீக்கரைக் காட்டினார், என்னைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். ஸ்பீக்கருக்குள் காக்கை இரண்டு முறை கத்தியது.

பின்னாலேயே ஓடி வந்த மகன் காதோடு சொன்னான். "தொண்டைல ஒரு கட்டி. எடுத்தாச்சு. பேசப்படாதுன்னுட்டார் டாக்டர். டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரலை. வெளில தெரிஞ்சா பெரிய வியாதின்னு முடிவு கட்டிடுவா, குழந்தை கல்யாணம் நின்னுடும்னு அப்பாக்குப் பயம். பாராயணம் நின்னா தெருவே கேக்கும்னு, நீ அனுப்பின ரெக்கார்டிங்கைப் போடச் சொன்னதும் அவர்தான்."

நான் அனுப்பியது. ஒலிபரப்புக்கு வெட்டிய துண்டு போக, வெட்டாத முழுப் பதிவையும் அன்றைக்கே மாமாவின் போனுக்கு அனுப்பி மறந்திருந்தேன். அவர் எதிரில் மைக் பிடித்து உட்கார்ந்து நான் இருமிய இருமல் அதில் அப்படியே இருந்தது. ஊரார் செருப்புச் சத்தத்தை எல்லாம் அடையாளம் சொல்லும் காது, தன் இருமலை மட்டும் வாழ்நாள் முழுக்க வெட்டி எறிந்தே பழகியிருந்தது.

கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். பாராயணம் முடிந்தது. இப்போது மாமா வெளியே வந்து பேச வேண்டும். மகன் என்னைப் பார்த்தான். மாமாவும் என்னைப் பார்த்தார். இடைவெளி விட்டு வம்பை வரவழைத்தவன் நான், போய் நிரப்ப வேண்டியவனும் நான்தான். வெளியே போனேன்.

"மாமா விரதம்" என்றேன். "கல்யாணம் ஆகற வரைக்கும் பாராயணத்துக்கு மட்டும்தான் வாயைத் திறக்கறது. அதான் போனும் எடுக்கறதில்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தத் தணிக்கைக் கண் என் கையிலிருந்த ரெக்கார்டரில் நின்று, பூஜையறைக் கதவுக்குப் போய், திரும்பி வந்தது.

"குரல் நன்னாத்தான் இருக்கு. ஆனா நடுவுல ஒரு இருமல் கேட்டதே. ரெட்டையா கேட்ட மாதிரி இருந்தது."

"அது நான்" என்றேன். அன்று காலை நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மாமா பூஜையறை வாசற்படியில் நின்று கை கூப்பினார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று கூப்பினார். விரதம் நல்லபடி முடியட்டும் என்று சொல்லிவிட்டு, பெருங்காயம் மணக்கும் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

வீட்டில் வந்து பதிவை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். முதல் இருமலிலேயே, "இது நீங்கதான்னா" என்று சொல்லிவிட்டுத் தலை வாரப் போய்விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். மாமாவின் குரல் நாணில் ஒரு கட்டி வந்தது, மகன் வந்ததும் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள், சில வாரம் பேசக்கூடாது என்றார்கள். மகன் தேங்காய் உடைத்தது அப்பாவுக்காக. ஃபிரிட்ஜ் கல்யாணத்துக்கு வரும் பூவையும் தயிரையும் வைக்க. தட்டைக் கழற்றினால்தான் தூக்கும்போது கண்ணாடி உடையாது என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே ரிசல்ட் வந்தது, அது சாதாரணக் கட்டி. டாக்டர் பேசலாம் என்ற அன்றே மாமா கோட்டைக்குப் போய், கரகரத்த குரலில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் எல்லாவற்றையும் தானே சொன்னார். குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது.